தீபாவளிப் பலகாரமும் கடலை ஒவ்வாமையும்: கேட்டு வாங்குவோம், சொல்லிக் கொடுப்போம்



ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து கணக்கும் எழுதியாகிவிட்டது. பேச்சு தீபாவளிப் பலகாரத்துக்குத் திரும்பியது. “போன தீபாவளிக்கு நான் குடுத்தனுப்பின தட்டை அப்படியே திருப்பி அனுப்பிட்டாளே, எங்க வீட்டுப் பலகாரம் அவளுக்கு இறங்காதா?” என்று ஒரு அக்கா மனத்தாங்கலோடு கேட்டார்.

எதிரில் இருந்த உறுப்பினர் அழுதுவிட்டார். “பெருமைக்கு இல்லக்கா. என் பையனுக்கு நிலக்கடலை ஆகாது. அதுக்கு முந்தின வருசம் பக்கத்து வீட்டுல குடுத்த முந்திரி கேக்க அரைத் துண்டு தின்னான். பத்து நிமிசத்துல உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. ஆஸ்பத்திரியில ஊசி போட்டுத்தான் பொழைச்சான். விசாரிச்சா, கடையில வாங்கின அந்த கேக்குல முந்திரியோட நிலக்கடலையும் அரைச்சுப் போட்டிருக்காங்க.”

“இதை முதல்லயே சொல்லக் கூடாதா தங்கச்சி?” என்றார் அக்கா. “சொன்னா நம்புவீங்களோ மாட்டீங்களோன்னுதான்க்கா...”

அன்று நாங்களும் ஒரு பாடம் கற்றுக்கொண்டோம். ‘எல்லாக் குழந்தைக்கும் கடலை மிட்டாய் கொடுங்கள்’ என்றுதான் சத்துணவுப் பயிற்சிகளில் சொல்லி வந்தோம். ‘யாருக்காவது ஆகாதா?’ என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கடலை ஒவ்வாமை என்றால் என்ன?

நிலக்கடலை நல்ல சத்துள்ள உணவு. பெரும்பாலோருக்கு அதனால் எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் சிலருடைய உடம்பு கடலையில் உள்ள புரதத்தை எதிரி என்று தவறாக நினைத்துப் போராட ஆரம்பிக்கிறது. சாப்பிட்ட சில நிமிடங்களில், அல்லது இரண்டு மணி நேரத்துக்குள், அரிப்பு, தடிப்பு, உதடு, முக வீக்கம், வாந்தி, வயிற்றுவலி வரலாம். சிலருக்கு மூச்சுத் திணறலும் மயக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இது சூடும் இல்லை, திருஷ்டியும் இல்லை.

“வறுத்துட்டா போயிடும்” என்பார்கள். போகாது. “கொஞ்சங் கொஞ்சமா குடுத்துப் பழக்கு, சரியாயிடும்” என்பார்கள். வீட்டில் இப்படிச் செய்து பார்ப்பது மிகவும் ஆபத்து. சிலருக்குச் சிறு துணுக்கு கடலையே போதும். போன தடவை லேசான அரிப்போடு போயிற்று என்பதால் அடுத்த தடவையும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்தக் கடலை?

நம் பேச்சில் ‘கடலை’ என்ற ஒரே சொல் பல பொருளுக்கு வருகிறது. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

• நிலக்கடலை, வேர்க்கடலை, மல்லாட்டை, மணிலாக் கொட்டை: பெயர்தான் வேறு, எல்லாம் ஒன்றே. இதுதான் ஆகாதது.
• கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, கடலை மாவு: இவை வேறு பயிர். நிலக்கடலை ஆகாதவர்களில் பெரும்பாலோருக்கு இவை ஒத்துக்கொள்ளும். சிலருக்கு இவையும் ஆகாது. குழந்தை இதுவரை தொல்லையில்லாமல் சாப்பிட்டு வந்திருந்தால் தொடரலாம். புதிதாகக் கொடுப்பதானால் டாக்டரைக் கேளுங்கள்.
• கடலை எண்ணெய்: இது நிலக்கடலையில் ஆட்டியது. செக்கு எண்ணெயில் கடலைப் புரதம் தங்கியிருக்கும். ஆகவே கூடாது.

கடலை மாவில் செய்த மைசூர்பாகில் நிலக்கடலை இல்லை. ஆனால் அரிசி மாவில் செய்த முறுக்கு, கடலை எண்ணெயில் பொரித்ததாக இருந்தால் ஆகாது. பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல் எதில் செய்தது, எதில் பொரித்தது என்று இரண்டையும் கேளுங்கள்.

பண்டிகைக்கு எதை வாங்கலாம்?

தவிர்க்க வேண்டியவை: கடலை மிட்டாய், கடலை உருண்டை, மிக்சர், சரஸ்வதி பூஜையில் தரும் பொரிகடலைப் பொட்டலம், கொலு வீட்டு வேர்க்கடலைச் சுண்டல். மிக்சரில் கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பதும் தவறு. தூள் ஒட்டியிருக்கும்.

சந்தேகத்துக்குரியவை: கடையில் உதிரியாக வாங்கும் முந்திரி கேக், பர்பி, பல இனிப்பு கலந்த பெட்டி. விலை குறைக்க முந்திரியோடு நிலக்கடலை சேர்ப்பது உண்டு. ஒரே கரண்டியில் எல்லா இனிப்பையும் அள்ளுவதும் உண்டு.

வீட்டில் செய்யலாம்: தேங்காய் பர்பி, பொட்டுக்கடலை மாலாடு, அதிரசம், மைசூர்பாகு. நெய்யோ சூரியகாந்தி எண்ணெயோ புதிதாக ஊற்றிச் செய்யுங்கள். முந்திரி, பாதாம் சேர்ப்பதற்கு முன் அவை ஒத்துக்கொள்ளுமா என்பதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாக்கெட் சாக்லேட், பிஸ்கட்: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, நிலக்கடலை சேர்ந்திருந்தால் லேபிளில் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து ‘பீநட்’, ‘கிரவுண்ட்நட்’ என்ற சொற்கள் இருக்கிறதா என்று வாசிக்கச் சொல்லுங்கள். ‘மே கன்டெய்ன்’ என்று போட்டுக் கடலையைச் சொல்லியிருந்தால், கலந்திருக்கலாம் என்று பொருள். அதையும் வாங்காதீர்கள். பழகின சாக்லேட்தானே என்று விட்டுவிடாமல் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். பண்டிகைக்கு வரும் சின்னப் பாக்கெட், பரிசுப் பெட்டி ஆகியவற்றில் சேர்மானம் மாறியிருக்கலாம். பச்சைப் புள்ளி சைவம் என்பதை மட்டும்தான் சொல்லும்.

பலகாரம் செய்து விற்கும் குழுக்களுக்கு

கடலை மிட்டாய் நம் பல பெண்களுக்குப் பிழைப்பு. கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடும் பெற்றது. அதைச் செய்ய வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால்:

1. கடலை இல்லாத பலகாரத்தை முதலில் செய்து, கட்டி, தனியாக வையுங்கள்.
2. சட்டி, கரண்டி, தட்டு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கைக்கும் வெறும் தண்ணீர் போதாது, சோப்பு வேண்டும்.
3. கடலை பொரித்த எண்ணெயில் வேறு பலகாரம் பொரிக்காதீர்கள்.
4. ‘நிலக்கடலை சேர்ந்தது’ என்று பெட்டியில் எழுதுங்கள்.
5. எல்லாம் ஒரே இடத்தில் செய்ததானால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு பெட்டி விற்காமல் போனாலும் பரவாயில்லை.

ஆபத்து வந்தால்

மூச்சுத் திணறல், குரல் மாற்றம், மயக்கம், விடாத வாந்தி இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். “கடலை ஒவ்வாமை” என்று முதலிலேயே சொல்லுங்கள். உயிர் காப்பது அட்ரினலின் ஊசி. டாக்டர் அதை முன்பே கொடுத்து வைத்திருந்தால் தாமதிக்காமல் அவர் காட்டியபடி தொடையில் போடுங்கள். அரிப்பு மாத்திரையை நம்பிக் காத்திருக்க வேண்டாம். குழந்தையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். நடக்க விடாதீர்கள். கை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கொஞ்சம் தெளிந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மறுபடியும் வரலாம்.

அடுத்த கூட்டத்தில்

இதை வாசித்துக் காட்டி, “உங்க வீட்டுல யாருக்காவது எதாவது ஆகாதா?” என்று கேளுங்கள். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள். பிள்ளையின் டீச்சரிடமும் அங்கன்வாடியிலும் சொல்லி வையுங்கள்.

நாம் முதலில் சொன்ன அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வந்த தீபாவளிக்கு, அந்த அக்கா வேறு சட்டியில் தேங்காய் பர்பி கிண்டி, “இது உன் பையனுக்கு மட்டும், கடலை படாதது” என்று தனி டப்பாவில் கொடுத்தார். தட்டு திரும்பி வரவில்லை. டப்பாதான் காலியாகித் திரும்பி வந்தது!