மாயமாகும் புள்ளி

கற்பிட்டியிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எம்.ஆர்.ஐ. எடுக்கக் கொழும்புக்குப் போகிற உம்மாமாருக்கும் அம்மாமாருக்கும் கண்ணாடிக்குப் பின்னால் நடக்கும் கூத்தை யாரும் காட்டுவதில்லை. வாருங்கள், எட்டிப் பார்த்துவிடுவோம்!

வாசலிலேயே பறிமுதல். கொண்டை ஊசி, வெள்ளி அரைஞாண், இசிம் கூடு எல்லாம் வெளியே. உள்ளே குந்தியிருப்பது பெரும்பாலும் 1.5 டெஸ்லா காந்தம். பூமியின் காந்தத்தைவிட ஏறக்குறைய 30,000 மடங்கு! அதைக் குளிர்விக்க மைனஸ் 269 பாகை செல்சியஸில் திரவ ஹீலியம். பிள்ளையை மிரட்டும் அந்த 'டக டக'? காந்தப்புலத்தை மாற்றி மாற்றி இழுக்கும் சுருள்கள் அதிருகிற சத்தம், அவ்வளவுதான்.

இனித்தான் வேடிக்கை. ஒரே மூளைக்குப் பல வேடம். டி2 என்ற வகைப் படத்தில் மூளை நீர் வெள்ளை. பிளேயர் (FLAIR) என்ற வகையில் அதே நீர் கறுப்பு. களப்பு வற்றினால் அடியில் கிடந்த தோணி தெரிவதுபோல, நீரோரம் ஒளிந்திருந்த புள்ளி பளிச்சென்று வெளிப்படும். புள்ளியும் நீரோடு சேர்ந்து கறுத்துவிட்டால்? பல வேளை இரத்தக்குழாயைச் சுற்றிய வெறும் நீரிடைவெளிதான். சின்னஞ்சிறுசுகளில் நரம்புறை இன்னும் முற்றாத இடமும் வெள்ளையாக மினுங்கும். அதனால்தான் ரேடியோலொஜிஸ்ட் வயதைக் கேட்காமல் வாய் திறப்பதில்லை.

இதைவிடச் சுவையான கதை தமிழ்நாட்டின் வேலூரில். வலிப்பு வந்தவர்களின் சீடி ஸ்கேனில் 20 மில்லிமீட்டருக்கும் குறைந்த ஒற்றைப் புள்ளி. காசநோய்க் கட்டி என்று மருந்து கொடுத்தார்கள், புள்ளி கரைந்தது. மருந்தின் வெற்றி என்றே பலரும் நம்பினார்கள். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மருத்துவர்கள் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் சிலவற்றை எடுத்துச் சோதித்தார்கள். உள்ளே, பன்றி நாடாப்புழுவின் குடம்பி! 1989இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அப்படிப்பட்ட புள்ளிகளில் பல தாமாகவே மறைபவை. (பன்றி இறைச்சியைத் தொடாதவருக்கும் அந்தப் புழுத்தொற்று வரும், முட்டைகள் அசுத்தமான உணவு, நீர் வழியே நுழைகின்றன.) அந்தக் கதையை அப்படியே நம் பிள்ளைக்கு ஒட்டவைக்கக்கூடாது. ரிப்போர்ட்டில் 'சிறிய லீஷன்' (சிறு மாறுதல்) என்ற வரியைக் கண்டதும் 'கட்டி' என்று அழுவதும் அதே அவசரம்தான்.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை வேறு: எந்த இடம், என்ன அளவு, ஊசிமருந்து ஏற்றியபோது ஒளிர்ந்ததா, பிள்ளையின் வலிப்போ தலைவலியோ அந்த இடத்தோடு பொருந்துகிறதா, அடுத்த ஸ்கேன் எப்போது. ரிப்போர்ட் தாளை மட்டும் பையில் வைத்துக்கொண்டு, படங்கள் பதிந்த இறுவட்டை அலுமாரியில் விட்டுவிட்டு பாலாவிச் சந்தியில் பஸ் ஏறிவிடாதீர்கள். புள்ளி வளர்ந்ததா, சுருங்கியதா என்று ஒப்பிட டொக்டர் முதலில் தேடுவது அந்தப் பழைய படத்தைத்தான்!