மணற்காடும் மூத்தோர் மண்ணும்
ஒருநாட் பஸ் யாத்திரை பற்றிய ஒரு விளக்கம்

நூலறிவும் நாட்டறிவும் கல்விக்கு இரு கண்கள். அவற்றுள் இரண்டாவதை நாம் பெரும்பாலும் மூடியே வைத்திருக்கின்றோம். அநுராதபுரத்தையும் சிகிரியாவையும் கண்டு மீண்ட மாணவர் பலர் தம் வீட்டுக்குச் சில கட்டை தொலைவிலுள்ள கந்தரோடையைக் கண்டிலர். கடல்கடந்து குடியேறிய பழைய மாணவரும் விழாக்காலங்களிலே தம் மக்களுடன் ஊர் வருகின்றனர். கோயிலையும் கல்லூரியையும் காட்டிய பின், ‘இங்கே முதன்முதல் வாழ்ந்தவர் யாவர்?’ என்று பிள்ளை வினவினால் தந்தை விடை கூற இயலாது நிற்கின்றார். அவ்வினாவுக்கு விடைதேடி ஒரு பகற்பொழுதிற் சென்று மீளத்தக்க பஸ் யாத்திரை ஒன்றை ஈண்டு விளக்குவாம்.

இத்தகைய யாத்திரைக்கு அவுஸ்திரேலியா நல்ல எடுத்துக்காட்டாகும். அக்கண்டத்தின் நடுவே, வறண்ட செம்மண் வெளியிலே, 348 மீற்றர் உயர்ந்து நிற்கும் உலூறு என்னும் பெரும்பாறையைக் காணப் பலர் பஸ் வண்டிகளிற் செல்வர். அப்பாறை ஆனங்கு எனப்படும் ஆதிக்குடிகளின் புனித இடம். 1985 இல் அந்நிலத்தின் உரிமை அவர்களிடமே மீள ஒப்படைக்கப்பட்டது. 2019 ஒக்டோபர் 26 முதல் பாறைமீது ஏறுவதும் தடைசெய்யப்பட்டது. ஒரு நிலத்தைக் காண்பது வேறு, அதன்மேல் ஏறி மிதிப்பது வேறு என்பதே அங்கிருந்து நாம் பெறும் பாடம்.

நமது வண்டி காலை ஆறு மணிக்கு யாழ்ப்பாண நகரை விட்டுப் புறப்படுவதாகக் கொள்வோம். முதலில் நிற்க வேண்டிய இடம் ஆனைக்கோட்டை. 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் இங்கு அகழ்ந்தபோது, மட்கலங்களோடு புதைக்கப்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த முத்திரை ஒன்றிலே மேல்வரியிற் குறியீடுகளும் கீழ்வரியிற் பிராமி எழுத்துக்களும் காணப்பட்டன. எழுத்து வரி ‘கோவேத’ என வாசிக்கப்பட்டது. குறியீட்டிலிருந்து எழுத்துக்கு மக்கள் கடந்து வந்த காலத்தை அச்சிறு பொருள் காட்டுகின்றது. இன்று அங்கே வியந்து நோக்கத்தக்க கட்டடம் எதுவுமில்லை. ஆதலின் வழிகாட்டி வாய்திறந்து விளக்காவிடின் வெறும் நிலமே கண்ணிற்படும்.

அங்கிருந்து வடக்கு நோக்கிச் சென்றாற் சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள கந்தரோடையை அடையலாம். பனைகளுக்கும் தோட்டங்களுக்கும் நடுவே சுண்ணக்கல்லாலான சிறு தூபிகள் செறிந்து நிற்கின்றன. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலே போல் பீரிஸ் என்பார் இவ்விடத்தை ஆராய்ந்து எழுதினார். 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையினர் இங்கு அகழ்ந்து, கறுப்பு-சிவப்பு மட்கலங்களைக் கண்டெடுத்தனர். இத்தகைய கலங்கள் தென்னிந்தியப் பெருங்கற்காலக் குடியிருப்புக்களிலும் காணப்படுவன. உரோமர் நாணயங்கள் இங்குக் கிடைத்தமை அக்காலக் கடல்வாணிகத்துக்குச் சான்று.

இவ்விடத்திலே நாவடக்கம் வேண்டும். தூபியைக் கண்டவுடன் ‘இது எம்முடையதன்று’ என ஒதுங்குவாரும், ‘இது எம்முடையது மட்டுமே’ என உரிமை பேசுவாரும் உளர். இருவர் கூற்றும் சான்றுக்கு ஒவ்வா. ஒரு சமயத்தின் சின்னத்தைக் கொண்டு அதனை வணங்கியோரின் மொழியைத் துணிதல் கூடாது. ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றாகிய மணிமேகலை பௌத்த நூல் என்பதை நம் மாணவர் அறிவர்.

அடுத்து, புத்தூருக்கு அண்மையில் நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கேணி. சுண்ணக்கற் பாறையை மழைநீர் நெடுங்காலம் கரைத்தமையால் உண்டான குழி இது. மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன. நன்னீர் பாரம் குறைந்ததாதலின் மேலே மிதக்கின்றது. வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டில் மூத்தோர் குடியமர்ந்தமைக்குக் காரணமே நிலத்தடியில் இவ்வாறு தங்கிய நன்னீர்தான்.

காற்று வீசும் வல்லை வெளியைக் கடந்து வடமராட்சியிற் புகுந்தால், நெல்லியடி வழியாக வல்லிபுரத்தை அடையலாம். ஆழ்வாரை வணங்கி நிழலிலிருந்து மதிய உணவு கொள்க. 1936 இல் இவ்வூரிற் கிடைத்த பொன்னேட்டின் பிராமிச் சாசனத்தைப் பரணவிதான வாசித்து வெளியிட்டார். வசப மன்னன் காலத்தில், அமைச்சன் ஒருவன் நாகதீவை நிருவகித்தபோது இங்கு ஒரு விகாரை எடுக்கப்பட்டதென்பது அவர் கொண்ட பொருள். குடாநாட்டின் பழம்பெயர் நாகதீவு என்பதற்கு இஃது ஒரு முக்கிய ஆதாரம்.

வல்லிபுரத்துக்கு அப்பால் மணற்காடு. கண்ணுக்கெட்டிய தூரம் வெண்மணற் குன்றுகள். எனினும் இது மெய்யான பாலைவனம் அன்று. பாலைவனமென்பது பொதுவாக ஆண்டுக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் நிலம். நமக்கோ 1000 மில்லிமீற்றருக்கு மேற் பெய்கின்றது. இம்மணலைக் குவித்தது காற்றே. அலை ஒதுக்கிய மணல் வெயிலில் உலர, காற்று அதை அள்ளிச் செல்லும். செடியொன்று தடுத்தாற் காற்றின் வேகம் குறைந்து மணல் விழும். விழுந்த மணலே மேலும் தடையாகிக் குன்று வளரும். இராவணன் மீசையும் அடம்பன் கொடியும் அம்மணலைப் பிணித்து வைக்கின்றன. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்னும் பழமொழியின் பொருளை இங்கே கண்ணாற் காணலாம். மணலிற் புதையுண்டு சுவர்கள் மட்டும் எஞ்சிய பழைய அந்தோனியார் கோயில், கட்டற்ற மணலின் வலிமைக்குச் சாட்சியாக நிற்கின்றது.

இக்குன்றுகள் வெறுங்காட்சிப் பொருளல்ல. மழைநீரை உறிஞ்சித் தம் அடியில் நன்னீராகத் தேக்குவன. கடலுக்கும் ஊருக்கும் இடையே அரணாவன. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கி உயிர்களைக் கொண்டது. அத்துயரத்தைக் கண்ட பின்னரும் கட்டட வேலைக்கென இம்மணல் அள்ளப்படுகின்றது. ஓர் உழவுயந்திரப் பெட்டி மணல் ஒரு வீட்டின் சுவராகலாம். ஆயின் அம்மணலைச் சேர்த்த காற்றுக்கு எத்தனை ஆண்டு சென்றதென்பதை அள்ளுவோர் எண்ணுவதில்லை.

செல்வோர் சில விதிகளைக் கைக்கொள்க. மழைக்காலம் கழிந்த தை, மாசி மாதங்கள் ஏற்றவை. குடிநீரும் குடையும் உடன் கொள்க. தூபிகள்மீது ஏறற்க. கந்தரோடையிற் காலில் இடறும் மட்கல ஓடு ஒன்றையேனும் எடுத்து வரற்க. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் பழம்பொருள்களைக் காக்கின்றது. சட்டம் இல்லாவிடினும், கிடந்த இடத்தை விட்டுப் பெயர்த்த ஓடு தன் கதையை இழந்த ஓடே.

மாலையில் வண்டி நகர் மீளும்போது பிள்ளையின் வினாவுக்கு ஒரு பெயரை மட்டும் விடையாகத் தருதல் இயலாது. ஆனால் இம்மண்ணில் மக்கள் இறந்தோரைப் பேணிப் புதைத்தனர், எழுதினர், கடலோடி வாணிகஞ் செய்தனர், பல தெய்வங்களைத் தொழுதனர் என்று சான்றுடன் கூறலாம். அவர்கள் நமக்கு விட்டுச்சென்றவற்றை நாம் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்வோமா என்பதே இனி எஞ்சும் வினா. அதற்கு விடை கூற வேண்டியவர் நாமே.