எட்டு பெட்டி, 184 கிலோ... வெளிநாடு கிளம்பும் குடும்பங்கள் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடக் கூடாதவை!

மே மாதம் பிறந்துவிட்டால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் ஏதாவது ஒரு வீட்டு ஹாலில் சூட்கேஸ்கள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் புதிய கல்வியாண்டு தொடங்குகிறது. அதனால், குழந்தைகளோடு குடிபெயர்கிறவர்கள் கோடையிலேயே மூட்டை கட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அமெரிக்கா செல்லும் பல விமானங்களில் எகானமி பயணிக்கு 23 கிலோ வீதம் இரண்டு பெட்டிகள் அனுமதி. நான்கு பேர் குடும்பம் என்றால் எட்டு பெட்டி, மொத்தம் 184 கிலோ. வாழ்ந்த வாழ்க்கையை 184 கிலோவுக்குள் அடக்கச் சொன்னால் யாருக்குத்தான் பதற்றம் வராது? இட்லிப் பாத்திரமா, குழந்தையின் கதைப் புத்தகங்களா என்று எடை மிஷினைச் சுற்றி விவாதம் நடக்கும். இந்தப் பரபரப்பில் எடையே இல்லாத இரண்டு விஷயங்கள் பின்னுக்குப் போய்விடுகின்றன. ஒன்று, ஆவணங்கள். இன்னொன்று, வீட்டிலேயே தங்கப்போகும் பெரியவர்கள்.

பெட்டியை ஒரே நாளில்கூட அடுக்கிவிடலாம். மற்ற இரண்டையும் அப்படி முடிக்க முடியாது. அதனால் தயாரிப்பின் வரிசையை மாற்றுங்கள். முதலில் மனிதர்கள், அடுத்து காகிதங்கள், கடைசியாகப் பெட்டி.

மயிலாப்பூரிலிருந்து ஒரு பயணம்

இன்றைய டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலைக்கு அன்று எட்வர்ட் எலியட்ஸ் சாலை என்று பெயர். அங்கே 'சந்திர விலாஸ்' என்ற வீட்டில் வளர்ந்தவர் விஞ்ஞானி எஸ்.சந்திரசேகர். மாநிலக் கல்லூரியில் இயற்பியல் முடித்த அவருக்கு, கேம்பிரிட்ஜில் படிக்க இந்திய அரசின் உதவித்தொகை கிடைத்தது. அப்போது அவருக்கு 19 வயது. அம்மா சீதாலட்சுமியோ கடுமையான நோயில் படுத்திருந்தார். இந்த நிலையில் மகன் கடல் கடந்து போகலாமா என்ற கேள்வி குடும்பத்துக்குள் எழுந்தபோது, போகத்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றவர் அந்த அம்மாதான்.

1930 ஜூலை 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறினார் சந்திரசேகர். பின்னாளில் 'சந்திரசேகர் வரம்பு' என்று உலகம் கொண்டாடிய கணக்கின் தொடக்கம் அந்தக் கப்பல் பயணத்தில்தான் நிகழ்ந்தது. 1931 மே மாதம் அம்மா இறந்தபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். 1936-ல் ஊர் திரும்பி, மாநிலக் கல்லூரியில் தன்னோடு இயற்பியல் படித்த லலிதாவை மணந்தார். அதே ஆண்டிலேயே தம்பதி இருவரும் மறுபடி கடல் கடந்தார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் யெர்கிஸ் வானாய்வகத்தில் பணி. 1953-ல் அமெரிக்கக் குடியுரிமை. 1983-ல் நோபல் பரிசு.

அன்று ஒரு கடிதம் கடலைத் தாண்ட வாரக் கணக்கில் ஆகும். இன்று ஒரு நொடியில் வீடியோ காலில் முகம் பார்க்கலாம். ஆனாலும், அவசரம் என்றால் மறுநாள் காலையில் வந்து நிற்க முடியாது என்ற நிலை மட்டும் பெரிதாக மாறிவிடவில்லை. அதனால்தான் பெரியவர்களுக்கான ஏற்பாடு பட்டியலின் முதல் வரியில் இருக்க வேண்டும்.

அம்மா, அப்பாவுக்கான ஏற்பாடுகள்

இதே வீட்டில் இருக்க விருப்பமா, மாடிப்படி இல்லாத சின்ன வீட்டுக்கு மாறலாமா, உறவினர்கள் இருக்கும் தெருவுக்கே போய்விடலாமா? இந்தக் கேள்விகளை அவர்களிடமே கேளுங்கள். 'நாங்க பார்த்துக்கறோம், நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க' என்றுதான் முதலில் சொல்வார்கள். அதோடு பேச்சை முடித்துவிடாமல், டிக்கெட் போடுவதற்கு முன்பே உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது நல்லது.

* மருந்துகளின் பெயர், அளவு, டாக்டரின் எண், ரத்த வகை, மருத்துவக் காப்பீட்டு எண் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் ஒரே தாளில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அதன் போட்டோ உங்கள் மொபைலிலும் இருக்கட்டும்.

* நடந்தே வரக்கூடிய தூரத்தில் இருக்கும் இரண்டு பேரிடம் வீட்டுச் சாவி இருக்க வேண்டும். ஒருவர் ஊருக்குப் போனாலும் இன்னொருவர் இருப்பார்.

* ஆம்புலன்ஸுக்கு 108, மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567. இரண்டையும் பெரியவர்களின் போனில் பதிந்து கொடுங்கள்.

* வீடியோ கால், மின் கட்டணம், மருந்து ஆர்டர் இவற்றைச் சொல்லிக் கொடுத்தால் மட்டும் போதாது. நீங்கள் ஊரில் இருக்கும்போதே இரண்டு மாதம் அவர்களே செய்து பழகட்டும். ஓ.டி.பி-யை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்பதும் அந்தப் பாடத்தில் சேர்த்தி.

* அவர்களுக்கும் பாஸ்போர்ட் எடுத்து வையுங்கள். பேரன், பேத்தியைப் பார்க்க எப்போது வருகிறார்கள் என்று ஒரு மாதத்தைக் குறித்துவிட்டால், வழியனுப்பும் நாளின் கனம் கொஞ்சம் குறையும்.

இனிஷியல் படுத்தும் பாடு

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கே உரிய தலைவலி இது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். மார்க் ஷீட்டில் 'எஸ்.கார்த்திக்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்திருக்கும். திருமணச் சான்றிதழில் ஒரு எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று வெளிநாட்டு அதிகாரிக்கு விளக்குவது லேசான காரியமில்லை.

முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருந்து மற்றது காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் பெயருக்கு முன்னால் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகிவிடும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. பிறகு டிரைவிங் லைசென்ஸ், வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றிலும் அந்த மூன்று எழுத்துகள் கூடவே வரும். விசாவுக்கு விண்ணப்பிப்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்துகொள்வது புத்திசாலித்தனம்.

குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்த்திருக்கிறதா என்றும் பாருங்கள். மருத்துவமனையில் பிறந்ததைப் பதிவு செய்ததோடு, பெயர்க் கட்டம் காலியாகவே விடப்பட்டிருப்பது உண்டு. சிறுவர்களின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்பதால் காலாவதி தேதியையும் கவனியுங்கள்.

துணைவருக்கு விசா எடுக்கத் திருமணப் பதிவுச் சான்றிதழ் அவசியம். கல்யாண மண்டப ரசீதும் போட்டோ ஆல்பமும் அதற்கு ஈடாகாது. தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம்.

சில நாடுகள் சான்றிதழ்களில் 'அப்போஸ்டில்' முத்திரை கேட்கும். ஆவணம் உண்மையானது என்று நம் வெளியுறவு அமைச்சகம் தரும் சான்று இது. 2005 முதல் இந்தியா இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. கனடா 2024 ஜனவரியில் சேர்ந்தது. முதலில் மாநில அரசின் சான்று, அடுத்து வெளியுறவு அமைச்சகம் என்று இரண்டு படிகள் இருப்பதால், இதற்குச் சில வாரங்களை ஒதுக்குங்கள்.

பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதற்கான விசாவுக்கு, அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் காசநோய்ப் பரிசோதனை செய்த சான்று வேண்டும். பல இடங்களில் பள்ளியில் சேர்க்கக் குழந்தைகளின் தடுப்பூசி அட்டை தேவைப்படும். பழைய அட்டை கிழிந்திருந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் புதிதாக எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளியின் டி.சி., கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். அந்த ஃபைல் கைப்பையில் வர வேண்டும். செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

வங்கி, வீடு, மொபைல்

வேலைக்காக வெளிநாட்டில் குடியேறிய பிறகு, சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்க முடியாது. வங்கிக்குத் தகவல் தந்து என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். பி.பி.எஃப். கணக்கு இருந்தால் முதிர்வுக் காலம் வரை தொடரலாம். புதிதாகத் தொடங்க முடியாது.

இங்கே வீடு, மனை இருந்தால் நம்பகமான ஒருவருக்குப் பவர் பத்திரம் தேவைப்படலாம். கிளம்புவதற்கு முன்பே பத்திரப் பதிவு அலுவலகத்தில் முடித்துவிட்டால் வேலை சுலபம். அங்கே போன பிறகென்றால் இந்தியத் தூதரகத்துக்கு அலைய வேண்டும். என்னென்ன அதிகாரம் தருகிறீர்கள் என்பதை வரிவரியாகப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. இவற்றை யார் கட்டுவது என்றும் முடிவு செய்யுங்கள்.

வங்கியின் ஓ.டி.பி. எல்லாம் பழைய எண்ணுக்குத்தான் வரும். ப்ரீபெய்டு சிம்மை 90 நாட்கள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பு போய்விடலாம். சர்வதேச ரோமிங் வசதியைச் சேர்த்து, எண்ணை உயிரோடு வைத்திருங்கள்.

இப்போது பெட்டியைத் திறக்கலாம்

தி.நகர் உஸ்மான் சாலைக்கும் பாண்டி பஜாருக்கும் இப்போது கிளம்பலாம். ஆனால், சாமான்களைப் பெட்டியில் வைப்பதற்கு முன் போகிற நாட்டின் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

* அரிசி: கப்ரா வண்டு என்ற தானியப் பூச்சிக்குப் பயந்து, பயணிகள் இந்தியாவிலிருந்து அரிசி கொண்டுவர அமெரிக்கா தடை விதித்திருக்கிறது.

* கறிவேப்பிலை: பச்சைக் கறிவேப்பிலைக்கும் அமெரிக்காவில் தடை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் வரக்கூடும்.

* கசகசா: ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர் செல்பவர்கள் தொடவே கூடாது. அங்கே அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும். குருமாப் பொடியில் கலந்திருக்கிறதா என்றும் கேட்டு வாங்குங்கள்.

* பால்கோவா, நெய்: பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் இந்தியாவிலிருந்து பயணிகள் பால் பொருட்களைக் கொண்டுவர அனுமதிப்பதில்லை.

* கொப்பரை: எண்ணெய்ச் சத்தால் தீப்பற்றக்கூடியது என்பதால் விமானத்தில் வேண்டாம்.

* ஊறுகாய், மிளகாய்ப் பொடி: கைப்பையில் வேண்டாம், செக்-இன் பெட்டியில் வையுங்கள். பவர் பேங்க் இதற்கு நேர்மாறு, கைப்பையில் மட்டுமே வர வேண்டும்.

* மிக்ஸி, வெட் கிரைண்டர்: அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். நம்மூர் 230 வோல்ட் மிக்ஸி அங்கே சரியாக ஓடாது. அந்த ஊருக்கென்றே செய்த மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

* கொலு பொம்மை: மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளில் மண் பொம்மையைவிட எடை குறைந்த காகிதக்கூழ் பொம்மைகள் கிடைக்கும். ஆஸ்திரேலியா போகிறவர்கள் மரப்பாச்சி உள்ளிட்ட மரப் பொருட்களையும், உணவுப் பொருட்களையும் விமான நிலையப் படிவத்தில் மறக்காமல் குறிப்பிட வேண்டும். சொல்லிவிட்டால் அதிகபட்சம் பொருள்தான் போகும். மறைத்தால் அபராதம்.

* நகை: விலை உயர்ந்த நகைகளை எடுத்துப் போவதாக இருந்தால், கிளம்பும்போதே விமான நிலைய சுங்கத் துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கலாம். திரும்பி வரும்போது 'இது எங்கே வாங்கியது?' என்ற கேள்வி வராது.

அப்பளம், வடாம், பருப்புப் பொடி எல்லாம் இன்று வெளிநாட்டு இந்தியக் கடைகளிலேயே கிடைக்கின்றன. அதனால் ஆறு மாதத்துக்கான மளிகையைச் சுமக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரச் சமையலுக்குத் தேவையானதும், கடையில் கிடைக்காத வீட்டுத் தயாரிப்பும் போதும். குக்கர் கேஸ்கட், இட்லித் தட்டு, மூக்குக் கண்ணாடியின் இன்னொரு ஜோடி, சீட்டோடு மூன்று மாத மருந்து இவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

குழந்தைகளுக்கும் ஒரு பெட்டி

இடம்பெயர்வதில் குழந்தைகளிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்து, அதில் என்ன வைப்பது என்பதை அவர்களே முடிவு செய்ய விடுங்கள். உடைந்த பொம்மையையும் பள்ளி பேட்ஜையும்தான் எடுத்து வைப்பார்கள். வைக்கட்டும். தெரியாத ஊரின் முதல் இரவில் தெரிந்த பொருள் ஒன்று பக்கத்தில் இருப்பது பெரிய தைரியம்.

கிளம்பும் வாரத்தில் புதிதாக எதையும் வாங்கவும் வேண்டாம், திட்டமிடவும் வேண்டாம். கபாலி கோயிலுக்கோ பெசன்ட் நகர் கடற்கரைக்கோ எல்லோரும் சேர்ந்து போய்வர அந்த நாட்களை வைத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் எந்த நேரத்தில் பேசுவது என்றும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். கோடையில் சென்னையில் இரவு 8 மணி என்றால் கலிஃபோர்னியாவில் காலை 7.30. இங்கே இரவுச் சாப்பாடு, அங்கே காலை டிபன். ஒரே நேரத்தில் தட்டின் முன் உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும்.