வெயிலும் தண்ணீரும் போதுமா?

முகப் பவுடரிலும் வெள்ளைப் பெயிண்டிலும் கலக்கும் டைட்டானியம் டையாக்ஸைடு பரம சாதுவான பொருள். ஆனால் அது செய்யும் மாயத்தை 1972-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் உலகுக்கு அறிவித்தார்கள். அதைத் தண்ணீரில் அமிழ்த்தி, பிளாட்டினத் தகட்டுடன் கம்பியால் இணைத்து, வெளிச்சம் பாய்ச்சினால், தண்ணீர் ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரிகிறதாம்!

ஹைட்ரஜன் எரிந்தால் கரியில்லை, புகையில்லை; மிஞ்சுவது தண்ணீர்தான். பிறகு ஏன் நம் அடுப்புக்கு அது இன்னும் வரவில்லை? சங்கடம் இதுதான்: அந்த வெள்ளைப் பொருள் ஏற்பது புற ஊதாக் கதிரை மட்டும். வெயிலில் அது 100-க்குச் சுமார் 5 பங்கே. வெயிலை நன்றாக வாங்கிக்கொள்ளும் வேறு பல பொருள்களோ தண்ணீரில் அரித்துப் போகின்றன.

பொருளும் தண்ணீரும் தொடும் எல்லையில் நடப்பதென்ன? அதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக் காட்டுகிறது. 1985-ல் கார், பர்ரினெல்லோ என்ற இருவர் இதற்கு ஒரு வழி வகுத்தார்கள். சில நூறு அணுக்கள், விநாடியில் லட்சம் கோடியில் சில பங்கு நேரம் அசைவதைக் கணக்கிடவே பெரிய கம்ப்யூட்டர்கள் நாட்கணக்கில் உழைக்கின்றன!

வீண் வேலை அல்ல. எது தாங்கும், எது அரிக்கும் என்று முன்கூட்டியே ஓரளவு தெரிந்துவிடும். உலையில் போடுமுன் அரிசியில் கல் பொறுக்குவதில்லையா? அதேதான்!