உங்களுக்குத் தெரியுமா? எலுமிச்சை என்று பெயர் வாங்கிய கார்

● நம் ஊரில் புதுக் கார் வாங்கினால் கோயில் வாசலில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவோம். ஆங்கிலம் பேசும் நாடுகளில் எலுமிச்சை என்றால் சங்கதியே வேறு. வாங்கிய நாள் முதல் உயிரை வாங்கும் வண்டிக்கு அந்தப் பெயர். ஆஸ்திரேலியாவில் அந்தப் பழியை நெடுங்காலம் சுமந்தது லேலண்ட் பி76 என்ற பெரிய குடும்பக் கார். 1973 ஜூன் 26 அன்று விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் அதைக் கட்டிய தொழிற்சாலையே மூடப்பட்டுவிட்டது. அந்தப் பழிக்கு அது தகுதியானதுதானா என்று கேட்டால், பாதிக்குத்தான் என்பேன். ஏன் பாதி என்பது போகப் போகத் தெரியும்.

● லேலண்ட் என்பது இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர். அங்கே லாரி கட்டத் தொடங்கிய நிறுவனம்தான் அந்தப் பெயரை உலகமெங்கும் கொண்டுபோனது. 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அந்த நிறுவனத்தோடு கைகோத்து அசோக் லேலண்ட் ஆனது. நாம் தினம் ஏறி இறங்கும் பஸ்ஸின் முகத்தில் இருக்கும் பெயரும், சிட்னியில் தோற்றுப்போன இந்தக் காரின் பெயரும் ஒரே வேரில் முளைத்தவை.

● அந்நாளைய ஆஸ்திரேலியாவில் குடும்பக் கார் என்றால் மூன்றே பெயர்கள். ஹோல்டன் கிங்ஸ்வுட், ஃபோர்டு ஃபால்கன், கிரைஸ்லர் வேலியன்ட். மூன்றுக்கும் பின்னால் அமெரிக்கப் பணம். லேலண்டின் ஆஸ்திரேலியக் கிளையோ மினி, மோரிஸ் 1100 போன்ற சின்ன வண்டிகளில் பெயர் எடுத்த வீடு. முன்சக்கர இயக்கம் கொண்ட ஆஸ்டின் 1800, அதன் பின் டாஸ்மன், கிம்பர்லி என்று பெரிய வண்டிப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். மூவர் கோட்டையில் ஒரு கல்லும் பெயரவில்லை. நீண்ட மண்சாலையில், பின்னால் கேரவனை இழுத்துக்கொண்டு, வீட்டுக்கே உரிய பெரிய எஞ்சினோடு போகிற வண்டிதான் அந்நாட்டுக்காரனுக்கு வேண்டும் என்று கடைசியில் புரிந்துகொண்டார்கள். பின்சக்கர இயக்கம், பெரிய உடல், வி8 எஞ்சின் என்று அடியிலிருந்து வரையத் தொடங்கியது அப்படித்தான். மொத்த உருவாக்கத்துக்கும் கிடைத்த பணம் ஏறக்குறைய 2 கோடி ஆஸ்திரேலிய டாலர். முழுப் புதுக் காருக்கு இது கிள்ளிக் கொடுத்த காசு.

● பி76-இன் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 111 அங்குலம். கிங்ஸ்வுட், ஃபால்கன், வேலியன்ட் மூன்றுக்கும் அதே அளவுதான். எதிரியின் சட்டையை அளந்து தனக்குச் சட்டை தைத்துக்கொண்ட கதை.

● உடலை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவான்னி மிக்கெலோட்டி. சென்னைக்காரர்களுக்கு அவர் கைவண்ணம் பழக்கமானது; பெயர்தான் பழக்கமில்லை. 1959-இல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு அவர் வரைந்ததே. அதுதான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் உருவானது. இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். பின் சீட்டில் மாமியாரை ஏற்ற முன் சீட்டை மடக்கிக்கொண்டு நிற்பது நம் குடும்பங்களுக்குச் சரிப்படவில்லையோ என்னவோ, நான்கு கதவு ஹெரால்டை உருவாக்கியவர்கள் நம்மவர்கள்தாம். தாய்நாட்டில் அப்படி ஒன்று வரவே இல்லை.

● இப்போது எஞ்சின் கதை. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1961 மாடல் ப்யூக் கார்களுக்காக அலுமினியத்தில் வார்த்த சின்ன வி8 எஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்தது. கொள்ளளவு மூன்றரை லிட்டர். வார்ப்பிரும்பு வி8-களோடு ஒப்பிட்டால் எடையில் பஞ்சு. ஆனால் அலுமினியத்தை வார்ப்பது அன்று பெரும்பாடு. வார்ப்பில் கழிந்ததே நிறைய. செலவு கட்டுப்படியாகாமல் 1963-இல் கைவிட்டார்கள். அந்தச் சமயத்தில் இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத் தலைமை அதிகாரி வில்லியம் மார்ட்டின்-ஹர்ஸ்ட், விஸ்கான்சின் மாநிலத்தில் படகு எஞ்சின் செய்யும் மெர்க்குரி நிறுவனத்துக்குப் போயிருந்தார். அவர் போனது தன் சரக்கை விற்க. அங்கே பட்டறைத் தரையில் கிடந்த ப்யூக் எஞ்சின் கண்ணில் பட்டது. விற்கப் போனவர் வாங்குகிறவராகத் திரும்பினார் என்பது ரோவர் வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. 1965-இல் உற்பத்தி உரிமை ரோவர் கைக்கு வந்தது.

அமெரிக்கா வேண்டாம் என்று கழித்துப்போட்ட அந்த எஞ்சின்தான் 1970-இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவரை ஓட்டியது. மார்கன் பிளஸ் 8 என்ற கைவேலை ஸ்போர்ட்ஸ் காரையும் ஓட்டியது. 2000-க்குப் பிறகும் லேண்ட் ரோவர் வண்டிகளில் அதன் வாரிசுகள் உறுமின. ரோவரும் லேலண்ட் குடும்பத்தில் சேர்ந்திருந்ததால், ஆஸ்திரேலியர்கள் அதை 4.4 லிட்டராகப் பெரிதாக்கிப் பி76-இல் வைத்தார்கள். கனமில்லாத மூக்கு, துல்லியமான ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். அந்நாளைய பெரிய ஆஸ்திரேலியக் கார்களில் வளைவில் சொன்னபடி கேட்கும் வண்டி என்று பெயர் எடுத்தது இதனால்தான். சிக்கனக்காரர்களுக்கு 2.6 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினும் உண்டு. அது இத்தனை பெரிய உடலுக்கு மூச்சு வாங்கும்.

● இதே எஞ்சின் குடும்பத்துக்குச் சென்னையில் ஒரு சோகக் கிளைக்கதை இருக்கிறது. இங்கிலாந்தில் 1976-இல் வந்த ரோவர் எஸ்டி1 காரின் பெருமையே அந்த மூன்றரை லிட்டர் வி8. அதே உடலை 1985-இல் சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்று கொண்டுவந்தது. உடல் வந்தது, எஞ்சின் வரவில்லை. பழைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு காலத்து நான்கு சிலிண்டர் எஞ்சினின் வழித்தோன்றல் ஒன்றை அதற்குள் வைத்தார்கள். விலையோ அம்பாசடரை வெட்கப்படுத்தும் விலை. 1988-இல் கதை முடிந்தது. பெரிய குடும்பக் காரைக் கட்டித் தோற்ற லேலண்ட் உறவுக்காரர்கள் சிட்னியில் மட்டும் இல்லை.

● 1973-ஆம் ஆண்டின் சிறந்த கார் விருதை ஆஸ்திரேலியாவின் 'வீல்ஸ்' பத்திரிகை பி76 வி8-க்குத்தான் கொடுத்தது. ஆம், எலுமிச்சைக்கு.

● அதன் டிக்கி மகா பெரிது. 44 கேலன் டிரம் ஒன்று, அதாவது நம் தெருமுனையில் தண்ணீர் லாரி வந்தால் நிரப்பி வைக்கும் 200 லிட்டர் டிரம், அப்படியே உள்ளே போகும். விளம்பரத்திலேயே அதைக் காட்டினார்கள். பண்ணைக்காரர்களைக் கவர வந்த யோசனை. பின்னாளில் கேலிக்காரர்களுக்கும் அதுவே வசதியானது; பி76 என்றதும் இன்றும் ஒரு சராசரி ஆஸ்திரேலியர் முதலில் சொல்வது அந்த டிரம்மைத்தான்.

● பெயிண்டுக்குப் பெயர் வைத்தவர் யாரோ நல்ல உற்சாகத்தில் இருந்திருக்கிறார். 'ஹேரி லைம்', 'ப்ளம் லோகோ', 'ஓ ஃபட்ஜ்', 'பீல் மீ ஆன் ஆரஞ்ச்'. முதலாவது முடி முளைத்த எலுமிச்சை. கடைசி, எனக்கு ஒரு ஆரஞ்சு உரித்துக் கொடு என்கிறது. விதியை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது போல.

● வண்டி வந்த நேரத்தைப் பாருங்கள். ஜூன் 26-இல் அறிமுகம். ஜூலை 18-இல் பிரதமர் காஃப் விட்லமின் அரசு எல்லா இறக்குமதித் தீர்வைகளையும் ஒரே வீச்சில் 25 சதவீதம் குறைத்தது. ஜப்பானியக் கார்களுக்குக் கதவு இன்னும் அகலத் திறந்தது. அக்டோபரில் மேற்கு ஆசியப் போர், எண்ணெய் நெருக்கடி. ஆஸ்திரேலியாவுக்கு பாஸ் நீரிணையில் சொந்த எண்ணெய் இருந்ததால் பங்க்குகள் வறண்டுவிடவில்லை. ஆனாலும் 4.4 லிட்டர் வி8 வாங்கப் போகிறவனுக்கு மனைவியிடம் காரணம் சொல்வது கடினமாகிவிட்டது.

● இதை மட்டும் சொல்லித் தொழிற்சாலையைக் காப்பாற்றிவிட முடியாது. தொடக்கத்தில் ஆட்கள் வாங்கத் தயாராகத்தான் இருந்தார்கள், வண்டிதான் இல்லை. உதிரிபாகம் கொடுக்கும் நிறுவனங்களில் வேலைநிறுத்தம், பாகங்களுக்குத் தட்டுப்பாடு. கிடைத்ததை வைத்து அவசரத்தில் பூட்டி அனுப்பிய வண்டிகளில் கதவு இடுக்கு வழியே மழைநீர் வந்தது, தூசு வந்தது, உள்ளே ஒட்டியது கழன்று வந்தது. வரைபலகையில் நன்றாக இருந்த கார் பூட்டுமேடையில் கெட்டது. நான் முதலில் சொன்ன பாதிப் பழி இதற்குத்தான். இந்தப் பாதியில் தள்ளுபடி கிடையாது.

● ஆஸ்திரேலியக் கேலிக்காரர்கள் அதற்கு வைத்த செல்லப் பெயர் பி38. எழுபத்தாறில் பாதி. அதாவது இருக்க வேண்டியதில் பாதிக் கார்!

● 1974-இல் லண்டனிலிருந்து சஹாரா பாலைவனம் வழியாக மியூனிக் வரை ஓர் உலகக் கோப்பை ராலி நடந்தது. எவன் கிரீன், ஜான் பிரைசன் இருவரும் பி76 வி8 ஒன்றை ஓட்டிப் போனார்கள். சிசிலித் தீவில், புகழ்பெற்ற டார்கா ஃப்ளோரியோ மலைப்பாதையில் ஒரு நேரக் கணக்குப் பந்தயம். மலைப்பாதை வித்தையில் பிறந்து வளர்ந்த ஐரோப்பிய வண்டிகளையெல்லாம் பின்னால் விட்டு, டிரம் ஏற்றுகிற இந்தக் குடும்பக் கார் அந்தக் கட்டத்தில் முதலாவதாக வந்தது. மொத்தப் போட்டியில் 13-ஆம் இடம். ஊர் திரும்பியதும் 'டார்கா ஃப்ளோரியோ' என்ற பெயரில் சிறப்புப் பதிப்பு போட்டார்கள். பக்கவாட்டில் கோடுகள், தனி வகைச் சக்கரங்கள். அதை இன்று வைத்திருப்பவர்களிடம் போய் எலுமிச்சை என்று சொல்லிப் பாருங்கள்.

● இதன் இரு கதவுத் தம்பி ஃபோர்ஸ் 7. பின்னால் தூக்கித் திறக்கும் பெரிய கதவோடு கூடிய கூபே. ஐம்பதுக்கு மேல் கட்டி முடித்திருந்தார்கள்; ஒன்றுகூட ஷோரூமுக்குப் போகவில்லை. தொழிற்சாலையை மூடும் முடிவு வந்ததும் பெரும்பாலானவற்றை நசுக்கிப் பழைய இரும்பாக்கினார்கள். பிழைத்தவை ஏறக்குறைய பத்து. ஓடுகிற புது வண்டியை நசுக்கும் கணக்கு எந்தக் கணக்குப்பிள்ளைக்குப் பிடிபட்டதோ, எனக்குப் பிடிபடவில்லை.

● மூடும் செய்தி 1974 அக்டோபரில் வந்தது. இங்கிலாந்தில் தாய் நிறுவனமே தள்ளாடிக்கொண்டிருந்தது. 1975-இல் அதை அந்நாட்டு அரசே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட தாய், தொலைதூரப் பிள்ளைக்கு மணியார்டர் அனுப்புவாளா? சிட்னியின் ஜெட்லண்ட் பகுதியில் இருந்த தொழிற்சாலையின் ஆயிரக்கணக்கான வேலைகள் போயின. வேலை இழந்தவர்களில் பலர் கடல் கடந்து குடியேறியவர்கள். கட்டிய பி76-களின் எண்ணிக்கை 18,000-ஐச் சற்றே தாண்டும். நியூசிலாந்தில் மட்டும் பாகங்களை வரவழைத்துப் பூட்டி 1976 வரை விற்றார்கள்.

● வென்ற மூவர் என்ன ஆனார்கள்? கிரைஸ்லர் தன் ஆஸ்திரேலியத் தொழிற்சாலையை 1980-இல் மிட்சுபிஷியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. ஃபோர்டு 2016 அக்டோபரில் அங்கே உற்பத்தியை நிறுத்தியது. ஹோல்டன் 2017 அக்டோபர் 20 அன்று கடைசிக் காரை வெளியே அனுப்பியது. இன்று ஆஸ்திரேலியாவில் குடும்பக் கார் கட்டும் பெரிய தொழிற்சாலை ஒன்றுகூட இல்லை.

● பி76 பிறந்த ஜெட்லண்ட் மனைக்குத் தொழிற்சாலைக்கு முந்தைய கதை ஒன்று உண்டு. அது முன்பு விக்டோரியா பார்க் என்ற குதிரைப் பந்தய மைதானம். பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டு முற்றத்தில் பரண் கட்டினார். அதில் ஏறி நின்று ஒருவர் பந்தயத்தை வேலிக்கு மேலாகப் பார்த்து வானொலியில் நேர்முக வர்ணனை செய்தார். டிக்கெட் விற்பனை படுத்துவிட்டது என்று மைதானத்துக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 1937-இல் ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம், தன் இடத்தில் நின்று பார்த்ததைச் சொல்வது குற்றமில்லை என்று தீர்ப்பளித்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

குதிரைகளுக்குப் பிறகு கார்கள் வந்தன; கார்களுக்குப் பிறகு அரசு அந்த இடத்தை வாங்கிக் கடற்படைக் கிடங்காக்கியது; இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. சிட்னிக்குப் போகிறவர்கள் ஏர்போர்ட் ரயில் பாதையில் கிரீன் ஸ்கொயர் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பந்தயப் பணம் கட்டிய பழைய கட்டடம் இன்னும் நிற்கிறது.