மெழுகுத் தாளில் பதிந்த மதுரை

ஒரு நகரத்தை ஆண்டவர்கள் யார், அங்கே நடந்த கொடைகளும் போர்களும் எவை என்பனவற்றைக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் அரசு ஆவணங்களும் விரிவாகவே கூறுகின்றன. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் அந்த நகரத்தின் தெருவும் மண்டபமும் ஆற்றங்கரையும் எந்த நிலையில் இருந்தன என்பதை அறியப் பழைய புகைப்படங்களே நேரடிச் சான்று. மதுரைக்கு அத்தகைய சான்று 1858-ஆம் ஆண்டிலேயே உருவாகிவிட்டது.

அதனை உருவாக்கியவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி லின்னேயஸ் டிரைப் (1822–1902). பழமையான கட்டடங்கள் அழியுமுன் அவற்றைப் படமாகப் பதிந்து வைக்க விரும்பிய சென்னை மாகாண அரசு, 1856-இல் அவரை அரசுப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட டிரைப், திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். அப்படங்கள் 1858-இல் ஊர்வாரியான தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக ஒட்டி இணைத்தார் என்பதிலிருந்து அப்பணியின் நோக்கம் எவ்வளவு தீவிரமானது என்பது விளங்கும்.

டிரைப் பயன்படுத்தியது மெழுகுத்தாள் முறையாகும். தாளில் மெழுகை ஊட்டி ஒளி ஊடுருவும்படி செய்து, ஒளிபட்டால் மாறும் வெள்ளி உப்புகளை அதில் ஏற்றி, பெரிய கேமராவுக்குள் வைத்துப் படமெடுப்பார்கள். ஒளியும் நிழலும் இடம் மாறிப் பதியும் அந்தத் தாளே நெகட்டிவ், அதிலிருந்தே பிரதிகள் எடுக்கப்படும். அக்காலத்தில் பரவிவந்த ஈரக் கண்ணாடித் தகடுகளைப் பூசியவுடனே பயன்படுத்தியாக வேண்டும். மெழுகுத் தாளையோ முன்கூட்டியே செய்து உலர்த்தி எடுத்துச் செல்லலாம் என்பதால், வெயில் மிகுந்த நெடும்பயணத்துக்கு அது ஏற்றதாக இருந்தது. ஆனால் ஒரு படம் பதியப் பல நிமிடங்கள் ஆகலாம்.

இப்படங்கள் காட்டும் மதுரை, ஒரு பெரும் மாற்றத்தைக் கடந்து வந்த நகரம். ஆட்சியர் ஜான் பிளாக்பர்ன் காலத்தில், 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நாயக்கர் காலக் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, அந்நிலத்தில் இன்றைய வெளி வீதிகள் உருவாயின. அவர் நினைவாக நிறுவப்பட்ட விளக்குத் தூணையும் டிரைப் படமெடுத்துள்ளார். 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த திருமலை நாயக்கர் அரண்மனை அவர் படங்களில் சிதைந்து கிடக்கிறது. 1866 முதல் 1872 வரை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு அதைப் புதுப்பிக்கும் பணியை மேற்கொண்டார் என்பதால், இன்று காணும் அரண்மனையில் பழையது எது, பின்னர் சேர்ந்தது எது என்று ஆராய்வோருக்கு இப்படங்கள் பெருந்துணையாகின்றன. வைகையின் குறுக்கே அமைந்த தாழ்வான தரைப்பாதையும் ஒரு படத்தில் உள்ளது. அந்த ஆற்றின் மேல் ஆல்பர்ட் விக்டர் பாலம் 1880-களில்தான் கட்டப்பட்டது.

எனினும் இப்படங்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. அவற்றில் மதுரை ஏறத்தாழ ஆளற்ற ஊராகத் தெரிவதற்கு, நடமாடுவோர் பதியாத அளவுக்கு நேரம் பிடித்த படமுறை ஒரு காரணம். கட்டடங்களைப் பதிவதே அரசின் நோக்கமாக இருந்தது மற்றொரு காரணம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி வாழ்ந்த நெசவாளரும் பூ விற்பவரும் தேர் இழுத்தவரும் அந்நோக்கத்துக்கு வெளியே நின்றார்கள். செலவு மிகுந்த ஆடம்பரம் என்று கருதி, ஆளுநர் சார்லஸ் டிரவெலியன் இந்தப் படப்பதிவுப் பணியையும் விரைவிலேயே நிறுத்திவிட்டார்.

விடுபட்ட மக்கள் படத்துக்குள் வந்தது, பிற்காலத்தில் ஊர்தோறும் தோன்றிய ஸ்டூடியோக்களின் வழியாகத்தான். திருமணத் தம்பதியரும் பள்ளி மாணவரும் வண்ணத் திரைச்சீலையின் முன் நின்ற குடும்பங்களும் அணிந்த உடை, நகை, நின்ற வரிசை ஆகிய யாவும் சமூக வரலாற்றுக்குச் சான்றுகளே. அரசு எடுத்த படங்கள் லண்டன் நூலகங்களில் பாதுகாப்பாக இருக்க, இந்த ஸ்டூடியோ படங்களோ ஈரத்திலும் கரையானிலும் அழிகின்றன. ஸ்டூடியோ மூடப்படும்போது நெகட்டிவ்கள் குப்பைக்குப் போகின்றன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் இத்தகைய தமிழ் ஸ்டூடியோ படங்களைத் தேடி மின்னுருவாக்கியது போற்றத்தக்க பணி.

மதுரைக்குக் கிடைத்த அரசுப் புகைப்படக்காரர் எல்லா ஊர்களுக்கும் கிடைத்துவிடவில்லை. எடுத்துக்காட்டாக, விருத்தாசலத்தின் பீங்கான் சூளைகளுக்கும் வேப்பூர்ச் சந்திப்பின் பழைய கடைத்தெருவுக்கும் வரலாறு எழுத வேண்டுமெனில், அங்குள்ள குடும்பங்களின் ஆல்பங்களே முதல் ஆவணங்களாகும். படத்தில் இருப்பவர் யார், எந்த ஆண்டு, எந்த இடம் என்பதை அறிந்த முதியவர்கள் உள்ளபோதே எழுதி வைப்பதும், பள்ளிகளும் நூலகங்களும் அவற்றின் பிரதிகளைத் தொகுத்துக் காப்பதும் இன்றே தொடங்க வேண்டிய கடமைகள். பெயரும் ஆண்டும் தெரியாத படம், எவ்வளவு அழகாக இருந்தாலும், பாதிச் சான்றே ஆகும்.