தூண்டில் நூலின் நிறமும் மீனின் கண்ணும்

தூண்டிலில் மீன் படாத நாளிற் பழி எதன்மீது சுமத்தப்படுகிறது என்பதைக் கரையில் நின்று கேட்போர் அறிவர். நீரோட்டம், நிலவு, இரை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் பழி நூலின் நிறத்தைச் சாரும். மீன் நூலைக் கண்டுகொண்டது என்ற முடிவுடன் வேறு நிற நூற்சுருள் ஒன்று வாங்கப்படும். நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு, நிறமற்றது எனப் பல நூல்கள் கடைகளில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் சொல்லப்படுகிறது. அக்காரணங்களுள் இயற்கை விதிகளுக்கு இயைந்தவை எவை, விற்பனைக்கு மட்டும் இயைந்தவை எவை எனப் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொழுதுபோக்காகத் தூண்டிலிடுபவருக்கு இது சுவையானதொரு விவாதம். அன்றாட உழைப்பிலிருந்தே நூல் வாங்கவேண்டியவருக்கோ இது செலவுக் கணக்கு.

வினா புதியதன்று. ஆங்கிலேயரான ஐசாக் வால்ற்றன் 1653 இல் வெளியிட்ட தூண்டிற்கலை நூலிலேயே குதிரைமயிர் நூலுக்குச் சாயமூட்டும் முறை கூறப்பட்டுள்ளது. பின்னர் பட்டுப்புழுவின் உடலிலிருந்து இழுத்தெடுத்த நரம்பு பயன்பட்டது. அதனையும் நீரின் நிறத்துக்கு ஒப்பச் சாயமேற்றினர். நம் கரைகளில் பருத்தியும் சணலும் வழங்கிய காலத்திற் பனிச்சங்காய்ச் சாற்றிலே வலையைத் தோய்த்துக் காயவைத்தனர். அச்சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இழையை அழுகாது காத்தது; கபில நிறம் அதனுடன் வந்து சேர்ந்தது. இங்கு நிறம் மீனை ஏமாற்றும் பொருட்டு உண்டானதன்று. இழையின் ஆயுளை நீட்டும் உழைப்பின் பக்கவிளைவேயாகும். 1935 இல் அமெரிக்காவில் வலஸ் கரோதர்ஸ் நைலோனை உருவாக்கியதன் பின்னரே நிலைமை மாறிற்று. அழுகாத இழைக்குத் துவர்ச்சாறு தேவையில்லை. நிறம் பயன்பாட்டிலிருந்து பிரிந்து, தொழிற்சாலை விரும்பியவாறு ஊட்டக்கூடிய ஒன்றாயிற்று.

இனி நீரினுள் நிறத்துக்கு நேர்வதை நோக்குவோம். ஒரு பொருள் சிவப்பாகத் தோன்றுவது, அதன்மீது விழும் ஒளியிலுள்ள சிவப்புப் பகுதியை அது திருப்பி அனுப்புவதனாலாகும். ஆனால் நீர் எல்லா நிறங்களையும் ஒரே அளவில் ஊடுருவவிடுவதில்லை. நெடிய அலைநீளமுடைய சிவப்பை அது விரைவில் உறிஞ்சிவிடுகிறது. மிகத் தெளிந்த நீரிற்கூடப் பத்து மீற்றர் ஆழத்திற் சிவப்பொளியில் நூற்றுக்குச் சில பங்கே எஞ்சும். தெளிந்த ஆழ்கடலில் நெடுந்தூரம் செல்வது நீலம். பாசியும் கரைந்த சேதனப் பொருள்களும் மிகுந்த கரையோர நீரிலும் களப்புகளிலும் பச்சையே ஆழம் செல்லும். கலங்கிய குளத்திலோ எந்நிறமும் தொலைவு செல்வதில்லை.

இவ்வுண்மையிலிருந்தே பிழையான முடிவொன்று பெறப்படுகிறது. சிவப்பு முதலில் மறைவதால் சிவப்பு நூலும் நீரில் மறைந்துவிடும் என்பது அது. மறைவது சிவப்பொளி, நூலன்று. திருப்பி அனுப்பச் சிவப்பொளி கிடைக்காதபோது நூல் கருமையாகத் தோன்றும். நீலநிறப் பின்னணியிற் கருங்கோடொன்று நன்கு புலப்படக்கூடியதே. எனவே ஆழத்திற் சிவப்பு நூல் கறுப்பு நூலுக்கு ஏறக்குறையச் சமமாகுமேயன்றி, இல்லாத நூலுக்குச் சமமாகாது.

அடுத்து மீனின் கண். மீன்கள் யாவும் நிறங்காணும் என்பதும், எதுவும் நிறங்காணாது என்பதும் ஒருங்கே தவறாகும். விழித்திரையிலுள்ள கோல்கள் மங்கிய ஒளியிலும், கூம்புகள் நல்லொளியிலும் தொழிற்படுகின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட வகைக் கூம்புகள் இருக்குமிடத்தே நிற வேறுபாட்டை உணர்தல் கூடும். ஆழங்குறைந்த நீரில் வாழும் என்புமீன்கள் பல இவ்வாறு அமைந்தவை. ஆராயப்பட்ட சுறாவினங்கள் பலவற்றில் ஒரே வகைக் கூம்புதான் காணப்பட்டுள்ளது. கணவாயினங்களிற் பெரும்பாலானவற்றின் கண்ணிலும் ஒளியை உணரும் நிறப்பொருள் ஒன்றே உண்டு. இரவிலோ நிறங்காணும் மீனும் கோல்களைக்கொண்டே பார்க்கிறது. அப்பொழுது அதற்கும் உள்ளது ஒளியும் இருளுமே. ஆகவே இராத் தொழிலில் நீலநூலா பச்சைநூலா என வாதிடுதல் பெரும்பாலும் பொருளற்றது.

நிறத்தைவிட முக்கியமானது பின்னணியுடன் நூல் கொள்ளும் வேறுபாடாகும். மீன் எத்திசையிலிருந்து நோக்குகிறது என்பதைப் பொறுத்து இது மாறும். கீழிருந்து மேல்நோக்கும் மீனுக்கு நீர்ப்பரப்புக்கு அப்பாலுள்ள உலகமுழுவதும் ஏறக்குறைய 97 பாகை கொண்ட வட்டச் சாளரம் ஒன்றினுள் அடங்கித் தோன்றும். ஒளிமுறிவின் அவதிக்கோணம் இதற்குக் காரணம். அவ்வொளிமிக்க வட்டத்துக்கு எதிரே ஒளிபுகாத நூல் எந்நிறத்ததாயினும் கருங்கோடாகவே தெரியும். பக்கவாட்டில் நோக்கும் மீனுக்கு நீரின் நிறமே பின்னணி. அங்கே கடலில் நீலநூலும் களப்பிற் பச்சைநூலும் ஓரளவு ஒன்றிப்போகும். நிறத்துக்கு உண்மையான பங்கு உண்டெனின் அது இங்குதான்: தெளிந்த நீர், பகல், ஆழமின்மை, பக்கப்பார்வை ஆகிய நான்கும் கூடுமிடத்தில்.

நிறமற்ற இழைக்கு வேறொரு கணக்கு உண்டு. நீரின் முறிவுச்சுட்டி 1.33, நைலோனின் முறிவுச்சுட்டி ஏறக்குறைய 1.53, புளோரோகாபன் என வழங்கும் இழையினது 1.42. இரண்டு ஊடகங்களின் சுட்டிகள் எவ்வளவு நெருங்குகின்றனவோ அவ்வளவுக்கு இடைமுகத்தில் தெறிக்கும் ஒளி குறையும். செங்குத்தாக விழும் ஒளியில் நைலோனின் ஒரு பரப்பு காற்றில் நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்று மேலாகத் தெறிக்கச் செய்யும். நீரினுள் அது அரைப் பங்களவாகக் குறைகிறது. புளோரோகாபனில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கேயாகும். புளோரோகாபன் நீரில் அரிதிற் புலப்படும் என்பதற்கு இவ்வாறு இயற்பியல் ஆதாரம் உண்டு. ஆயினும் முற்றாக மறையும் என்பது மிகையுரை. உருளை வடிவான இழை சாய்ந்து விழும் ஒளியைக் கூடுதலாகத் தெறிக்கச் செய்வதோடு, சிறு வில்லைபோல் ஒளியை வளைக்கவும் செய்யும், வெயிலில் மின்னும். மேலும் இழை தடிக்கத் தடிக்கப் புலப்பாடும் மிகும். நிறத்தை மாற்றுவதினும் ஒருபடி மெல்லிய இழைக்கு மாறுதல் பல இடங்களிற் பயன்தரும். மெல்லிய இழை நீரோட்டத்தில் இரையை இயல்பாக அசையவும் விடுகிறது. இரையின் இயற்கைக்கு மாறான அசைவையும் மீன் உணரும் என்பது மறக்கற்பாலதன்று. அதன் பக்கக்கோட்டு உறுப்பு அருகிலுள்ள நீரசைவை அறியவல்லது.

அவ்வாறெனின் மஞ்சளும் செம்மஞ்சளுமான நூல்கள் ஏன் உள? அவை மீனுக்காக ஆக்கப்பட்டவையல்ல. மனிதனின் கண்ணுக்காக ஆக்கப்பட்டவை. நூல் எங்கே கிடக்கிறது, எப்பொழுது இழுபடுகிறது, அயலவர் நூலுடன் சிக்குகிறதா என்பதைக் காண நிறம் உதவுகிறது. பின்னல் நூல்கள் சிலவற்றிற் பத்து மீற்றருக்கு ஒருமுறை நிறம் மாறுவதும் அவ்வாறே. எவ்வளவு நூல் இறங்கியுள்ளது என்பதைக் கணக்கிடும் அளவுகோல் அது. பின்னல் நூல் ஒளிபுகாததாயினும், தூண்டில் முள்ளருகே ஓரிரு மீற்றர் நீளத்துக்கு நிறமற்ற தனியிழையை முடிந்துவிட்டால் மீனின் அருகே இருப்பது அவ்விழை மட்டுமே. தொழிலாளர் பலர் கைக்கொள்ளும் இவ்வேற்பாடு நிறப் பிரச்சினையைப் பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது.

எனினும், "நான் பச்சை நூல் கட்டினேன், மீன் பட்டது" எனக் கூறுவோர் பொய்யுரைக்கின்றனர் என்பது நம் கருத்தன்று. அவர்கள் கண்டது உண்மை. பெற்ற முடிவே ஆராயப்படவேண்டியது. நூலை மாற்றிய அன்றே பொழுதும் நீரும் இரையும் மாறியிருக்கும். புதிய நூல் பழையதினும் மெல்லியதாகவும் இருந்திருக்கலாம். படாத நாள்கள் மறக்கப்பட, பட்ட நாளே நினைவில் நிற்கும். உண்மையை அறிய விரும்புவோர் ஒரே தடிப்புள்ள இருநிற நூல்களை, ஒரே இரையுடன், ஒரே ஆழத்தில், ஒரே வேளையில் இட்டு, இடத்தையும் கையையும் மாறிமாறிக் கொண்டு, பல நாள்கள் எண்ணி எழுதவேண்டும். இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை; குறிப்பேடும் பொறுமையும் போதும். நம் கரையோர மாணவர்கள் மேற்கொள்ளத்தக்க பணி இது.

இங்கு பொருளாதார உண்மையொன்றையும் நோக்கவேண்டியுள்ளது. வலிமையிலும் தடிப்பிலும் வேறுபாடற்ற இழையை ஆறு நிறங்களில் ஆக்குமிடத்து ஒரு பண்டம் ஆறு பண்டமாகிறது. கண்ணாடிப் பெட்டியில் அடுக்கப்பட்ட அந்நிறங்கள் முதலிற் பிடிப்பது வாங்குபவரையே. சம்மாட்டியிடம் முற்பணம் பெற்றுத் தொழில் செய்பவருக்கோ நூலின் தடிப்பு, அது தாங்கும் நிறை, முடிச்சின் உறுதி, வெயிலில் நலியும் விரைவு ஆகியனவே வாழ்வைத் தீர்மானிக்கும் பண்புகள். நிறத்துக்குக் கூடுதல் விலை கேட்கப்படுமாயின் அவர் மறுத்துவிடுவதில் இழப்பு அதிகமில்லை.

மறைதல் உண்மையில் வெற்றி பெற்ற இடம் ஒன்றுண்டு. அது தூண்டிலன்று, தங்கூசி வலை. ஒற்றை நைலோன் இழையாலான அவ்வலை தெளிந்த நீரிற் கண்ணுக்கு அரிதிற் புலப்படுவதால் மிகுதியாகப் பிடிக்கிறது. இலங்கையில் 2006 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் அது தடைசெய்யப்பட்டது. தடையின் பின்னரும் கடலிற் காணப்படுகிறது. அறுந்து கடலில் விடப்பட்ட தங்கூசி அழுகுவதில்லை. உடையவர் எவருமின்றியே அது மீனையும் ஆமையையும் தொடர்ந்து கொல்லும். பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறிய பருத்தி வலை தொலைந்தபோது சில காலத்துள் மக்கிப்போயிற்று. கடலுக்கு அது கடன் வைக்கவில்லை. மீனின் கண்ணுக்குத் தப்பும் இழை ஆமையின் கண்ணுக்கும், சுழியோடுபவரின் கண்ணுக்கும், அறுந்த துண்டைத் தேடி எடுக்கவேண்டிய நமது கண்ணுக்கும் தப்புகிறது என்பதே இதிலுள்ள இடர்.

தொகுத்துக் கூறின், ஆழத்திலும் இரவிலும் கலங்கிய நீரிலும் நூலின் நிறம் பொருட்படுத்தத்தக்கதன்று. தெளிந்த, ஆழமற்ற, பகல்நேர நீரில் அதற்குச் சிறு பங்கு உண்டு; அங்கும் தடிப்பும் இரையின் அசைவும் அதனை விஞ்சக்கூடும். நூலின் மேற்பகுதி நம் கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் இருத்தலே நன்று. முள்ளருகே மெல்லிய நிறமற்ற இழை போதும். அறுந்த துண்டைக் கடலில் விடாது கரைக்குக் கொணர்தல் வேண்டும். இவற்றைக் கடைப்பிடிப்பவர் நிறத்துக்கெனத் தனியே பணம் செலவிடவேண்டிய தேவை இல்லை.